நாலுகொம்பு மானைப் பார்க்காதவர்

யானைகள் வந்து எங்கள் கேழ்வரகுக் காட்டை மிதித்துவிட்டுப் போன ஒரு காலையில் ஊரே வரப்பில் நின்றது. ஏழு யானை என்றார் ஒருவர். குட்டியோடு சேர்த்து ஒன்பது என்றார் இன்னொருவர். பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு காக்கிச் சட்டை மெதுவாக வந்தது. காப்புக்காட்டுக்குக் காவல் போகிற வாட்சர். அவரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று எல்லாரும் வாயை மூடினோம்.

“எத்தினி யானைப்பா?” என்று நான்தான் கேட்டேன். மிதிபட்டது என் காடு.

அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். உதறினார். மறுபடி கட்டினார்.

“நான் பாத்தது நாலு காலு, ஒரு வாலும்மா.”

“அப்ப ஒண்ணுன்னு சொல்லேன்.”

“இருக்கலாம்மா. நாலு காலும் ஒரே யானைதுதானான்னு நான் பாக்கலியே. பனியா இருந்துது.”

ஊர் சிரித்த சிரிப்பில் பயிர் போன துக்கம்கூட எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். ஆபீசுக்குக் கொடுக்கிற தாளில் ஏழு என்று போடச் சொல்லி நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாலு கால், ஒரு வால் என்றுதான் அவர் எழுதினார்.

அவர் அப்படித்தான். கண் எதுவரைக்கும் போனதோ வாயும் அதுவரைக்கும்தான் போகும்.

பக்கத்துக் காட்டு மாதம்மா தன் பெண்ணுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தாள். பையனுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறதா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். வாட்சர் மாப்பிள்ளையின் ஊர்ப் பக்கமும் போகிறவர் ஆயிற்றே என்று அவரைக் கேட்டாள்.

“கம்பெனி பஸ்ல ஏறுனத பாத்தேன்க்கா” என்றார்.

“ஏறுனான்னா வேலைக்குத்தான போறான்?”

“ஏறுனத பாத்தேன். எறங்குனத பாக்கல.”

மாதம்மா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். மாப்பிள்ளை நல்லவன்தான். கல்யாணம் நடந்தது, இப்போது இரண்டு பிள்ளைகள். ஆனால் அந்த ஒரு வாரத்துக்காக மாதம்மா அவரோடு மூன்று வருஷம் பேசவில்லை.

எங்கள் ஊர் அஞ்செட்டிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இன்னொரு பக்கம் காப்புக்காடு. நடுவில் கரடு என்று ஒரு சின்னக் குன்று. பாறையும் உண்ணிச்செடியும் இடுப்பளவுப் புல்லுமாகக் கிடக்கும். கரட்டின் இடுக்கில் ஒரு சுனை. எந்தக் கோடையிலும் ஒரு அண்டா தண்ணீராவது அதில் நிற்கும். கரட்டடியில் இருக்கிற நிலம் என்னுடையது. என் வீட்டுக்காரர் போன பிறகும் ஒரு குழி தரிசு விடாமல் நானே பார்த்துக்கொண்டேன். ஊரில் என் வாசல் மாதிரி சுத்தமான வாசல் இருக்காது. நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும்.

அவர் தினமும் என் வாசல் வழியாகத்தான் கரட்டுக்கு ஏறுவார். வேலிக்கு வெளியே நின்று ஒருமுறை இருமுவார். அந்த இருமல்தான் அவர் வந்த அடையாளம். நான் மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக வேலிக்கல்லில் கவிழ்த்து வைத்திருந்தேன். அது ஏன் தனி என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

சட்டைப் பையில் ஒரு நோட்டு இருக்கும். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார். பேனாவை நூலில் கோத்துச் சட்டைப் பொத்தானில் கட்டியிருப்பார். சுனையைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது என் வேலி ஓரம் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவார். நிறைய எழுதமாட்டார். ஒரு வரிதான்.

“தினமும் என்னதான் எழுதற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பார்க்கவில்லைன்னும்மா.”

“எத?”

“நாலுகொம்பு மான.”

அப்போதுதான் அந்த மானைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கன்னடக்காரர்கள் கொண்டகுரி என்பார்களாம், மலை ஆடு என்று அர்த்தமாம். உலகத்தில் வேறெந்தக் காட்டு மிருகத்துக்கும் இல்லாதபடி அதன் தலையில் நாலு கொம்பு. காதுக்கு முன்னே இரண்டு பெரிசு, நெற்றியில் இரண்டு சின்னது. வடக்கே இருக்கிற வகைக்கு அந்த முன்கொம்பு நன்றாகவே தெரியுமாம். நம் தெற்கத்தி வகைக்கு வெறும் மொக்குதானாம். அந்தத் தெற்கத்தி வகை எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கூட்டமாகத் திரியாது, தனியாகவே இருக்கும். ஆள் வாடை அடித்தால் ஓடாது, புல்லுக்குள் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் போனாலும் புல்தான் நமக்குத் தெரியும். இதெல்லாம் காலேஜிலிருந்து வந்த பிள்ளைகள் அவருக்குச் சொன்னது.

“அது மானே இல்லியாம்மா. மாட்டு வகையாம்” என்றார்.

“மாடா? அப்ப எங்கூட்டுச் சாதிதான்” என்று என் எருமையைத் தட்டிச் சிரித்தேன்.

“எத்தினி வருசமா தேடற?” என்று கேட்டேன்.

“பதினாலு.”

“ஒருவாட்டிகூடவா பாக்கல?”

“ஒருவாட்டிகூட பாக்கல. ஆனா இருக்குதும்மா.”

“பாக்காதத நீதான் சொல்லமாட்டியே, எப்பிடி இருக்குதுன்ற?”

அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். மழைக்கு முன்னே புல் அசைகிற மாதிரி வந்து போனது. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவர் பெண்சாதி ரேஷன் கடை வரிசையில் நின்று சத்தமாகச் சொல்வாள்: “எல்லார் புருசனும் இருக்கறதுக்கு காவல் இருக்கறாங்க. எங்கூட்டு மகாராசன் இல்லாத மானுக்கு காவல் இருக்கறாரு.” அவர் பக்கத்திலேயே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “சர்க்கரை வந்துருக்குது, வாங்கு” என்பார்.

இனி சொல்லப்போவது என்னைப் பற்றியது. சொல்லத்தான் வேண்டும்.

சுனைக்கு மேலே, என் நில எல்லைக்கு ஒட்டி, ஒரு சப்பைப் பாறை இருக்கிறது. ஒரு மார்கழி மாதம் அதன் மேல் ஆட்டுப் புழுக்கை குவியலாகக் கிடந்தது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, எப்போது போனாலும் அதே பாறையில், அதே இடத்தில். என் நிலத்தைப் பார்த்த மாதிரி இருக்கிற பாறையில் எவள் ஆடு வந்து இப்படிப் போடுகிறது? மாதம்மாவிடம்தான் ஆடு இருந்தது.

“ஏய் மாதம்மா, உன் ஆட்ட மேய்க்கத் தெரியலன்னா வித்துடு. என் கரட்ட கக்கூசு ஆக்கி வெச்சிருக்குது.”

“கரடு எப்பக்கா உன்னுது ஆச்சு? என் ஆடு அந்தப் பக்கம் காலு வெக்கல. எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்.”

“உன் சத்தியத்த நீயே வெச்சிக்க. புழுக்கை பொய் சொல்லுமா?”

பேச்சு முற்றி அவள் பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய தட்டை நான் அப்படியே திருப்பி அனுப்பினேன். பிறகு வாரம் ஒருதரம் கூடையும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாறையைக் கூட்டிச் சுத்தமாக வழித்தெடுத்து என் எருக்குழியில் கொட்டினேன். ஆட்டு எரு கேழ்வரகுக்கு எவ்வளவு நல்லது! கோபத்துக்குக் கோபம், எருவுக்கு எரு.

அந்த மாசியில்தான் கரட்டில் சுண்ணாம்புக் கோடு போட ஆள் வந்தது. கல் குவாரிக்குக் கேட்டிருக்கிறார்களாம். பாறையில் சிவப்பு மையால் நம்பர் எழுதினார்கள். ஊரில் பாதிப்பேர் வேலை கிடைக்கும் என்றார்கள், பாதிப்பேர் கிணறு வற்றும் என்றார்கள். சுனை போனால் என் கிணறு போகும், கிணறு போனால் என் காடு போகும். காட்டு ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தால்தான் குவாரி நிற்கும். அங்கே அபூர்வமான மிருகம் இருக்கிறது என்று காட்டினால் அந்தத் தாள் வரும்.

வாட்சர் அன்றைக்கு இருமலோடு வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“ரேஞ்சர் அய்யாவ நாளைக்கு வரச் சொல்லியிருக்கறேம்மா. காட்டறதுக்கு ஒண்ணு இருக்குது.”

மறுநாள் ரேஞ்சர் வந்தார், ஃபாரஸ்டர் வந்தார், குவாரிக்காரர் ஆள் ஒருவர் வந்தார், கூடவே ஊர். நான் மோர்ச் சொம்போடு பின்னால் ஏறினேன். வாட்சர் முன்னே நடந்தார். சுனையைத் தாண்டினார். சப்பைப் பாறைக்கு வந்தார். நின்றார்.

பாறை என் வாசல் மாதிரி இருந்தது.

“இங்கதாங்கய்யா இருந்துது. குவியலா. ஆடு நடந்துகிட்டே போடும், செதறிக் கெடக்கும். இது அப்பிடி இல்லிங்க. தெனம் ஒரே எடத்துக்கு வந்து நின்னு போடும். அது நாலுகொம்பு மானோட பழக்கம்ங்கய்யா. அந்தக் குவியல ரெண்டு வருசமா பாக்கறேன். இப்ப கொஞ்ச நாளா அப்பப்ப காணாமப் போவுது, மறுபடி சேந்துடுது.”

“எங்கய்யா இருக்குது?” என்றார் ஃபாரஸ்டர்.

“முந்தாநேத்து பாத்தேன்.” ஒரு நிமிஷம் பாறையையே பார்த்தார். “இன்னிக்கு பாக்கல.”

“கனவுல பாத்திருப்பாரு” என்றார் குவாரிக்காரர் ஆள். எல்லாரும் சிரித்தார்கள். யானை வந்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை இது. ரேஞ்சர் மட்டும் சிரிக்கவில்லை. சித்திரை கடைசிக்குள் ஏதாவது காட்டினால் பார்ப்போம், இல்லையென்றால் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நேற்றுதான் கூட்டினேன். என் எருக்குழியில், சாணிக்கு மேலே, அவருடைய இரண்டு வருஷம் கிடந்தது. அங்கேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மாதம்மா நின்றாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து இருமல் கேட்டது. நான் மோர் கொடுத்தேன். குடித்தார், டம்ளரைக் கழுவினார், கவிழ்த்தார். போகவில்லை.

“காலேஜ் புள்ளைங்க மரத்துல ஒரு கேமரா பெட்டி கட்டியிருந்தாங்கம்மா. எங்கிட்டகூட சொல்லல. இன்னிக்கு படம் காட்டுனாங்க.”

“மான் வுழுந்துதா?” என்றேன்.

“மான் இல்ல. ஒரு கூடை தெரிஞ்சிது. ஒரு தொடப்பம். ஒரு கை. கையில வெள்ளிக் காப்பு.”

காப்பு எங்கள் அம்மா போட்டது. கொஞ்சம் கோணலாக இருக்கும். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு காப்பு என் கையில் மட்டும்தான் இருக்கிறது. நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“யாருன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. கை தெரியுது, மொகம் தெரியலன்னு சொன்னேன்.”

அவ்வளவுதான். இருமிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். யாரைப் பார்த்துப் பேசுகிறாய் என்று கேட்டிருப்பேன். அதற்கு அவர் ஒரு வழியும் வைக்கவில்லை.

மூன்று நாள் எருக்குழிப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் பொழுது சாய்கையில் கரட்டுக்கு ஏறினேன். அவர் செருப்பைத் தூரத்தில் கழற்றி வைத்துவிட்டுச் சுனை ஓரம் உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கை என் கைப்பா.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“கையதான பாத்தேன்.”

“மாதம்மா ஆடுன்னு நெனச்சேன். எருவுக்கு ஆவுமேன்னு அள்ளிட்டேன். எருக்குழில இன்னும் மேலாக்கதான் கெடக்குது. அள்ளிட்டு வந்து பாறையில கொட்டட்டுமா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இரண்டாம் தடவை வந்தது.

“வேணாம்மா. நம்ம கொட்டுனா அது நம்ம போட்டது. அது தானா வரணும்.”

அன்றிலிருந்து நான் துடைப்பத்தைக் கரட்டுக்கு எடுத்துப்போகவில்லை. என் எருமைகளை ஏரிப் பக்கம் ஓட்டினேன். வருஷா வருஷம் புது முளை வரட்டும் என்று கரட்டுப் புல்லுக்கு நெருப்பு வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் வைக்கவில்லை. வைக்க வந்த இரண்டு பேரையும் விரட்டினேன். பிள்ளைகள் கேமரா பெட்டியைக் கழற்றி வேறு காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருந்ததே அவர்களிடம் நாலு பெட்டிதான். பிறகு எங்கள் இரண்டு பேர் கண்தான். சாயந்தரமானால் நானும் ஏறுவேன். அவர் ஒரு பாறையில், நான் ஒரு பாறையில். பேச்சு கிடையாது. கீழே ரோட்டில் கம்பெனி பஸ் திரும்புகிற சத்தம் கேட்கும். அப்புறம் அதுவும் அடங்கும். காற்று புல்லின் மேல் நடந்துபோகிற மாதிரி இருக்கும். சில நாள் எனக்கு நான் உட்கார்ந்திருப்பதே மறந்துபோகும். என் நிலம், என் கிணறு, என் எருமை எல்லாம் வேறு யாருடையதோ போலத் தூரத்தில் தெரியும். ஆயுசில் அப்படிச் சும்மா உட்கார்ந்தவள் இல்லை நான்.

பங்குனி போனது. சித்திரையும் பாதிக்கு மேல் போனது. சுனையில் தண்ணீர் அண்டா அளவுக்கு இறங்கிவிட்டது. தினமும் அவர் நோட்டில் ஒரே வரி. “பார்க்கவில்லை.”

அன்றைக்கு வெயில் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி கரடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுனைக்குள் குனிந்து, விழுந்திருந்த சருகுகளைக் கையால் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். முதுகு எனக்கு. நான் அவருக்குப் பின்னால் பாறையில்.

புல்லில் ஒரு துண்டு நகர்ந்தது. புல்தான் நகர்கிறது என்று நினைத்தேன். அந்தப் புல்லுக்கு ஒரு காது இருந்தது. பிறகு கால். சேற்றில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து அது சப்பைப் பாறைக்கு வந்தது. ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம். தவிட்டு நிறம். முன்னங்காலில் கறுப்பாக ஒரு கோடு. தலையில் விரல் நீளத்துக்கு நேராக இரண்டு கொம்பு. அதற்கு முன்னே, நெற்றியில், இரண்டு மொக்கு. என் சுண்டு விரலின் கடைசிக் கணு அளவுக்கு.

நான் கூட்டிப் பெருக்கின அதே இடத்தில் அது நின்றது. பின்னங்காலை அகட்டிப் புழுக்கை போட்டது.

“ஏப்பா” என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் அது போய்விடும், அவருக்குப் புல்தான் தெரியும். கூப்பிடாவிட்டால் அதுவும் தெரியாது. பதினாலு வருஷம் தேடின மனுஷர் அதற்கு இருபது முழம் தூரத்தில் சருகு அள்ளிக்கொண்டிருக்கிறார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையும் பார்த்தேன், அதையும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெயில் அதன் காலிலிருந்து ஏறி அதன் கொம்புக்கு வந்தது. அது திரும்பியது. மறுபடி புல்தான் இருந்தது.

அவர் கை நிறையச் சருகோடு நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். சருகு கையிலிருந்து நழுவியது.

“பாத்தீங்களாம்மா?”

தலையை ஆட்டினேன்.

அவர் பாறைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். தொடவில்லை. “ஈரமா இருக்குது” என்றார்.

“எழுதுப்பா, பாத்தேன்னு. சித்திரை முடிய இன்னும் பத்து நாளுகூட இல்ல.”

“புழுக்கைய பாத்தேன்.”

“யோவ், பொய்யா எழுதச் சொல்றேன்? இருந்துது, நின்னுது, போச்சு! நீயும் இங்கதான இருந்த?”

“இருந்தேம்மா. பாக்கல. நீங்க பாத்தீங்க.”

“நான் பாத்தத எவன் நம்புவான்? கெணத்துக்குத் தண்ணி வேணும்னு கெழவி கதை கட்டறான்னுவான். உன் வாய்ல ஒரு சொல்லு வந்தா கரடு நிக்கும். ஒரே ஒரு சொல்லுப்பா.”

அவர் நோட்டைப் பிரித்தார். “கரடு நிக்கணும்னு எனக்கும் இருக்குதும்மா” என்றார். பிறகு பொத்தானில் கட்டியிருந்த பேனாவை எடுத்து எழுதினார். வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதியது இந்தத் தடவை ஒரு வரியைவிட நீளமாக இருந்தது. எனக்குக் கோபம். என்ன எழுதினார் என்று கேட்காமலே இறங்கிவிட்டேன்.

ரேஞ்சர் சித்திரை கடைசியில் வந்தார். சுனை ஓரம் எல்லாரும் நின்றோம். பாறையில் குவியல் சின்னதாகச் சேர்ந்திருந்தது.

“ஆட்டுப் புழுக்கைங்க” என்றார் குவாரிக்காரர் ஆள். “இந்தம்மாவே ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்துது, மாதம்மா ஆடுன்னு. கேட்டுப் பாருங்க.”

“நீ மான பாத்தியா?” என்று ரேஞ்சர் வாட்சரைக் கேட்டார்.

“இல்லிங்கய்யா. அம்மா பாத்தாங்க.”

“அவங்க கெணறு கீழதான இருக்குது, பாக்கத்தான் செய்வாங்க” என்றார் அந்த ஆள். ஊர் முணுமுணுத்தது. மாதம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் முன்னே வந்தேன். காப்பைக் கழற்றி ரேஞ்சர் கண்ணுக்கு நேராக நீட்டினேன்.

“புள்ளைங்க படத்துல வுழுந்த கை இதாங்க. முந்தி நீங்க வந்தப்ப பாறைய கூட்டி வெச்சது நான்தான். வாயத் தொறக்காம நின்னதும் நான்தான். மாதம்மா ஆடு இங்க காலு வெக்கல. நான் சொன்னது தப்பு.” அவள் பக்கம் திரும்பினேன். “தப்புடி.” அப்புறம் பார்த்ததைச் சொன்னேன். காது, கால், கோடு, நாலு கொம்பு. முன்கொம்பு எவ்வளவு என்று கேட்டபோது சுண்டு விரல் கணுவைக் காட்டினேன். ரேஞ்சர் அந்த விரலையே பார்த்தார்.

பிறகு வாட்சரின் நோட்டை வாங்கிப் புரட்டினார். பார்க்கவில்லை. பார்க்கவில்லை. பக்கம் பக்கமாக அதுதான். யானை வந்த நாளில் நாலு கால், ஒரு வால். கடைசிப் பக்கத்துக்கு வந்து சத்தமாகப் படித்தார்.

“நான் பார்க்கவில்லை. சருகு அள்ளிக்கொண்டிருந்தேன். கரட்டடிக் காட்டுக்கார அம்மா பார்த்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.”

படித்துவிட்டு நோட்டை மூடினார்.

“இந்த ஆளு பொய் எழுதணும்னா இத்தினி வருசம் காத்துகிட்டு இருக்கமாட்டான்” என்று ரேஞ்சர் குவாரிக்காரர் ஆளிடம் சொன்னார். என் பக்கம் ஒரு தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினார்கள். “ரேகை வெய்ங்கம்மா.”

“ரேகை எதுக்கு? மூணாங்கிளாஸ் படிச்சவ நான்” என்றேன். பேனா கேட்டேன். அவர் பொத்தானிலிருந்து பேனாவை அவிழ்த்துக் கொடுத்தார். பாறையில் தாளை வைத்து என் பேரை முழுசாக எழுதினேன். நாலு எழுத்து கோணல். ஆனால் பேர் பேர்தான்.

வாட்சர் இறங்கி வந்தபோது வீட்டுச் சொம்பிலேயே மோர் கொடுத்தேன். அவர் டம்ளரைத் தேடி வேலிக்கல்லைப் பார்த்தார். “அத எருமைக்கு மருந்து ஊத்த எடுத்துட்டேன், இதுலயே குடி” என்றேன். தூக்கிக் குடித்தார். கழுவப் போனார். வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் கல் உடைக்க அனுமதி வரவில்லை. பிள்ளைகள் மறுபடி பெட்டி கட்டினார்கள். ஒரு படத்தில் பின்பக்கமும் ஒரு காதும் விழுந்தது, அதுவே அவர்களுக்குத் திருவிழா. இன்றைக்கு வரைக்கும் அனுமதி இல்லை. நாளைக்கு வராது என்று சொல்லமாட்டேன். நாளையை நான் பார்க்கவில்லை.

அவர் முழங்கால் கரட்டுக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போச்சம்பள்ளிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போன ஆவணியில் மத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், விசாரித்துக்கொண்டு போய் ஒரு கம்பெனி கேட்டில் இறங்கினேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொத்தானில் நூல், நூலில் பேனா. மடியில் வண்டி நம்பர் எழுதுகிற நோட்டு.

யாரோ பைக்கை நிறுத்தி, “மேனேஜர் உள்ள இருக்காருங்களா?” என்று கேட்டார்.

“கார் உள்ள போனத பாத்தேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் என்னைப் பார்த்தார். எழுந்து நாற்காலியை எனக்குப் போட்டார். டீ வாங்கிவந்தார். காகிதக் கப்பில் இரண்டு பேரும் குடித்தோம். லாரிகள் வந்தன, போயின. புழுதி வெயிலில் மெதுவாக இறங்கியது.

“குவியல் இருக்குதாம்மா?”

“இருக்குது. நேத்துகூட புதுசா.”

“அத பாத்தீங்களா?”

“மூணு தரம் பாத்தேன், நீ போனதுக்கப்புறம். இந்த மாசம் பாக்கல.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு லாரி வந்தது. நம்பர் எழுதிவிட்டு வந்து மறுபடி பக்கத்தில் நின்றார். எதையோ கேட்க வெட்கப்படுகிறவர் மாதிரி கேட்டார்.

“அந்த முன்கொம்பு... எவ்ளோ பெருசும்மா இருக்கும்?”

அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நான் டீக் கப்பைக் கீழே வைத்தேன். சுண்டு விரலை நிமிர்த்திக் கடைசிக் கணுவை இன்னொரு விரலால் பிடித்துக் காட்டினேன்.

அவர் குனிந்தார். கேட்டில் ஹாரன் அடித்தது. திரும்பவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.